தோட்டத்துப் பட்டணத்திலிருந்து மூளை ஆய்வுக்கூடம் வரை: மலேசியாவின் எஸ்.பி.எம். மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூளை ஆய்வாளர் ஆவதற்கு மருத்துவம் படித்தாக வேண்டும் என்றுதான் நம் ஊரில் பலரும் நினைக்கிறார்கள். தேவையில்லை. நரம்பியல் மருத்துவர், வலிப்பு, பக்கவாதம் என்று வருகிறவர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவர். மூளை ஆய்வாளர், நினைவு எப்படிப் பதிகிறது, வலி ஏன் ஆறாமல் நீடிக்கிறது என்று ஒரே கேள்வியை ஆண்டுக்கணக்கில் துருவுகிறவர். அவருக்கு வேண்டியது பிஎச்.டி. பட்டம். மருத்துவம் படித்துவிட்டு ஆய்வுக்கு வருகிறவர்களும் உண்டு, ஆனால் அது பல வாசல்களில் ஒன்றுதான்.

பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட் மாதிரி ஒரு பட்டணத்தில், எஸ்.பி.எம். தேர்வை நோக்கிப் படிவம் நான்கிலோ ஐந்திலோ இருக்கும் தம்பி தங்கைகளையும் அவர்களின் பெற்றோரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பீடோர், பகாவ், கூலிம் என்று எந்த ஊராக இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

முதலில் காலக் கணக்கு

எஸ்.பி.எம். எழுதும்போது வயது 17. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. இளங்கலை மூன்று அல்லது நான்கு ஆண்டு. முதுகலை சுமார் இரண்டு ஆண்டு, சில நாடுகளில் இது இல்லாமலே பிஎச்.டி.க்குப் போகலாம். பிஎச்.டி. மூன்று முதல் ஐந்து ஆண்டு, அமெரிக்காவில் ஆறுகூட ஆகும். அதற்கப்புறம் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி. ஆங்கிலப் பேச்சில் போஸ்ட்டாக் என்பார்கள். அது ஒரு இரண்டு முதல் ஐந்து ஆண்டு. கூட்டிப் பார்த்தால், சொந்தமாக ஓர் ஆய்வுக்குழு அமையும்போது முப்பத்தைந்தை ஒட்டிவிடும்.

அப்பா இன்னும் செம்பனைத் தோட்டத்தில் வேலை, வீட்டில் நீங்கள் மூத்த பிள்ளை என்றால், இந்தக் கணக்கை மறைக்காமல் வீட்டில் பேசிவிடுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: இளங்கலைக்குப் பிறகு வரும் ஆண்டுகளில் நீங்கள் காசு கட்டிப் படிப்பவராக இருக்கக் கூடாது, உதவித்தொகையோ சம்பளமோ வாங்குபவராக இருக்க வேண்டும். அப்படித்தான் இந்தத் துறை ஓடுகிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

படிவம் நான்கு, ஐந்து

படிவம் நான்கு உயிரியலில் நரம்பு மண்டலம் பற்றி ஒரு பாடம் வருகிறது. அது பிடித்திருந்தால் நல்லது, ஆனால் அதை வைத்து முடிவு எடுக்காதீர்கள். மூளை ஆய்வுக்குக் கணக்கும் புள்ளியியலும் நிறையவே வேண்டும். கூடுதல் கணிதத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். உயிரியலை பிறகுகூடப் பிடித்துக்கொள்ளலாம், கணிதத்தை விட்டால் பிடிப்பது கஷ்டம். மலாய் மொழியும் வரலாறும் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது என்பதும், அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மலாய் மொழியில் கிரெடிட் வேண்டும் என்பதும் தெரிந்ததுதான். இருந்தும் அறிவியலில் கெட்டியான பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

பிரெயின் பீ என்று பள்ளி மாணவர்களுக்காக ஓர் அனைத்துலக மூளை அறிவியல் போட்டி 1998-இலிருந்து நடக்கிறது. சொசைட்டி ஃபார் நியூரோசயின்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு இலவசமாக வெளியிட்டிருக்கும் அறிமுக நூலை அதற்கு அடிப்படைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். போட்டியில் கலந்துகொள்ளாவிட்டாலும் அந்த நூலை இறக்கிப் படியுங்கள். இரண்டு அத்தியாயத்திலேயே தூக்கம் வந்துவிட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

எஸ்.பி.எம். முடிந்ததும் வரும் முச்சந்தி

ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழக அடிப்படைக் கல்வி. தனியார் கல்லூரியின் ஏ லெவல் நான்காவது, அதற்கு வசதி வேண்டும்.

மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும், செலவும் குறைவு. பூமிபுத்ரா அல்லாதவர்களுக்குப் பத்து விழுக்காடு என்ற ஒதுக்கீட்டால் நம் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது பல காலமாகப் பெரிய பாடு. எஸ்.பி.எம்.மில் 10 ஏ எடுத்த எல்லாருக்கும் இன வேறுபாடு இல்லாமல் இடம் உண்டு என்று 2024-இல் அரசாங்கம் அறிவித்தது. ஏ மைனஸ் கணக்கில் சேருமா என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். மற்றவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டாம்.

எஸ்.டி.பி.எம். கடினம் என்ற பயம் ஊரில் அதிகம். கடினம்தான். ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அதை ஏ லெவலுக்கு நிகராக ஏற்கின்றன. மெட்ரிகுலேஷனுக்கு அந்த மதிப்பு பெரும்பாலும் உள்நாட்டோடு நின்றுவிடும். வீட்டிலிருந்தே பள்ளிக்குப் போய் வரலாம் என்பதால் விடுதிச் செலவும் இல்லை. எனவே ஆராய்ச்சிதான் நோக்கம் என்றால் நான் எஸ்.டி.பி.எம். பக்கம்தான் சாய்வேன். வேதியியல், கணிதம், அதோடு உயிரியலோ இயற்பியலோ. உயிர்மருத்துவப் பட்டத்துக்குப் போக உயிரியல் வசதி. கணினி, மூளையின் மின் அலைகள் என்று போக ஆசை இருந்தால் இயற்பியல். இரண்டு வழியும் மூளையில்தான் போய் முடியும். ஆங்கிலத்துக்கு எம்.யு.இ.டி. தேர்வைக் கடைசி நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள்.

பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

இளங்கலை விண்ணப்பத்தில் நரம்பறிவியல் என்ற சொல்லைத் தேடினால் நம் நாட்டில் அதிகம் சிக்காது. கவலை வேண்டாம். உயிர்மருத்துவ அறிவியல், உயிரியல், மருந்தியல், உளவியல், இயற்பியல், மின்பொறியியல், கணினி அறிவியல் எதில் வேண்டுமானாலும் நுழையலாம். பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பல்கலைக்கழகத்தில் மூளையைப் பற்றி உண்மையிலேயே ஆராய்கிறவர்கள் இருக்கிறார்களா? இறுதி ஆண்டு ஆய்வை அவர்களிடம் செய்ய முடியுமா?

கிளந்தான் குபாங் கெரியானில் இருக்கும் யு.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் நரம்பறிவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் மெக் கருவி அங்கே உண்டு. சன்வேயிலுள்ள மொனாஷ் பல்கலைக்கழகத்தில் சீப்ரா மீன்களை வைத்து மூளை ஆய்வு நடந்திருக்கிறது. நம் பேராக்கிலேயே, செரி இஸ்கண்டாரில் இருக்கும் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மூளை மின்னலைகளைக் கணினியால் அலசும் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், யு.கே.எம்., யு.பி.எம். மூன்றிலும் மருத்துவத் துறைகளை ஒட்டி நரம்பியல் ஆய்வு நடக்கிறது.

பி.டி.பி.டி.என். கடன் எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம்: இளங்கலையில் முதல் வகுப்பு எடுத்தால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். பட்டமளிப்பு விழாப் படங்களைப் பகிர்ந்த கையோடு அந்தப் பாரத்தையும் நிரப்புங்கள்.

கேள்வியை ஊரிலேயே தேடலாம்

புதிதாக வருகிறவர்களிடம் எதை ஆராயப் போகிறீர்கள் என்று கேட்டால் "அல்சைமர்" என்று பதில் வரும். நல்ல பதில், ஆனால் உலகம் முழுக்க எல்லாரும் சொல்வது. உங்களைச் சுற்றிக் கொஞ்சம் பாருங்கள்.

1998 செப்டம்பரில் ஈப்போவைச் சுற்றியிருந்த பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியது. சுங்கை சிப்புட்டிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் இருக்கும் பகுதி. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து கொசுமருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சில விஷயங்கள் பொருந்தவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் பெரும்பாலும் பன்றிகளோடு வேலை செய்த பெரியவர்கள், அவர்களில் பலர் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள். நோய் நெகிரி செம்பிலானுக்குப் போனது. 1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கிருமியியல் பயிற்சியில் இருந்த சுவா காவ் பிங் புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். நோயாளி ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு வந்தது. 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்து மூளைக்காய்ச்சல் திரும்பி வந்தது. ஒரு வைரஸ் மூளைக்குள் அத்தனை நாள் எப்படிப் பதுங்கியிருக்கிறது என்பது நம் மண்ணிலிருந்து எழுந்த கேள்வி.

அடுத்தது கெத்தும் என்ற மரத்தின் இலை. வெயிலில் வேலை செய்கிறவர்கள் அலுப்புத் தெரியாமல் இருக்க அந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பதை வடக்கு மாநிலங்களில் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள மித்ராஜினைன் என்ற பொருள் நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. அந்தப் பொருள் மூளையில் அபின் வகை மருந்துகள் ஒட்டும் அதே ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. பினாங்கு யு.எஸ்.எம்.மின் போதைப்பொருள் ஆய்வு மையம் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்கிறது. கெத்தும் குடிப்பவர்களின் வலி தாங்கும் திறனை யேல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து முறையாகச் சோதித்தும் இருக்கிறார்கள். வலி, அடிமைத்தனம், தொழிலாளர் வாழ்க்கை மூன்றும் சந்திக்கும் இடம் அது. எவ்வளவோ செய்ய மிச்சம் இருக்கிறது.

சர்க்கரை வியாதியால் கால் எடுக்கப்பட்ட மாமாவோ தாத்தாவோ இல்லாத தெரு நம் ஊரில் இருக்காது. மலேசிய இனங்களில் சர்க்கரை வியாதி மிகுந்தவர்கள் இந்தியர்களாகிய நாம்தான். இல்லாத காலில் வலிக்கிறது என்று அவர் சொன்னால் கற்பனை என்று தள்ளிவிடாதீர்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. செய்த வி.எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் இந்த வலியைத்தான் ஆராய்ந்தார். ஒரு பெட்டியில் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையாக மூளைக்குக் காட்டியதும் சிலருக்கு வலி குறைந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படவில்லை.

ஆய்வுக் கட்டுரையைப் படிப்பது எப்படி

கட்டுரை வாசிக்கக் கற்றுக்கொள்ள செம்பனையிலிருந்தே ஓர் உதாரணம். செம்பனை எண்ணெயில் டொக்கொட்ரைனோல் என்ற வைட்டமின் இ வகை இருக்கிறது. பினாங்கு யு.எஸ்.எம். குழு ஒன்று 2014-இல் 'ஸ்ட்ரோக்' என்ற ஆய்விதழில் அதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. மூளையின் வெண்பொருளில் சிறு பழுதுகள் எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்த 121 பேர். ஒரு குழுவுக்கு நாளுக்கு இரண்டு வேளை 200 மில்லிகிராம் டொக்கொட்ரைனோல், மற்றதற்கு அந்தச் சத்து இல்லாத வெறும் மாத்திரை. இரண்டு ஆண்டு கழித்து, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களின் பழுதுப் பரப்பு கூடியிருந்தது. மற்றவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

இதைப் படித்ததும் வாட்சாப்பில் "செம்பனை எண்ணெய் பக்கவாதத்தைத் தடுக்கும்" என்று அனுப்பத் தோன்றும். அனுப்புவதற்கு முன் கேளுங்கள்: எத்தனை பேர்? எதோடு ஒப்பிட்டார்கள்? எதை அளந்தார்கள்? அளந்தது படத்தில் தெரியும் பழுதின் அளவை. யாருக்குப் பக்கவாதம் வந்தது என்பதோ, யாருக்கு ஞாபகம் குறைந்தது என்பதோ அந்த முடிவில் இல்லை. கொடுத்தது பிரித்தெடுத்த சத்து, வடை பொரித்த எண்ணெய் இல்லை. யார் பணம் கொடுத்தார்கள் என்று கட்டுரையின் கடைசியில் போட்டிருப்பார்கள், அதையும் பாருங்கள். இப்படி வாரம் ஒன்று படித்து, அரைப் பக்கம் சொந்த வார்த்தையில் எழுதி வைத்தால், இளங்கலை முடிவதற்குள் பேராசிரியர்களிடம் பேச உங்களிடம் விஷயம் இருக்கும்.

மடிக்கணினி ஒன்று போதும்

பைத்தான் இலவசம், அதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஓப்பன்நியூரோ என்ற தளத்தில் உண்மையான மூளைப் படங்களும் மின்னலைப் பதிவுகளும் யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கின்றன. அமெரிக்காவின் ஆலன் நிறுவனம் எலி மூளையின் முழு வரைபடத்தைத் திறந்து வைத்திருக்கிறது. நியூரோமேட்ச் அகாடமி 2020-இல் தொடங்கிய இணையப் பள்ளி. கணினி வழி மூளை ஆய்வை மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள், கட்டணத்தை நாட்டின் வாழ்க்கைச் செலவுக்கு ஏற்பக் குறைக்கிறார்கள். சுங்கை சிப்புட்டில் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

எலியைக் கொல்ல மனம் வராது என்று சிலர் இந்தத் துறைக்கே வராமல் போகிறார்கள். விலங்கு ஆய்வு எதுவும் அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் நடக்காது. அப்படியும் ஒப்பவில்லை என்றால் வற்புறுத்திக்கொள்ள வேண்டாம். மனிதர்களின் மின்னலை, எம்.ஆர்.ஐ., கணினி மாதிரி என்று முழு வாழ்க்கையையும் அந்தப் பக்கமே ஓட்டலாம். ஆய்வுக்கூடத்தில் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

பேராசிரியருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல்

தொழிற்பயிற்சிக்கோ இறுதி ஆண்டு ஆய்வுக்கோ முதுகலைக்கோ, நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். பெரியவரைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற எண்ணம். அந்த மரியாதை நல்லது, ஆனால் எழுதாமல் இருப்பது மரியாதை ஆகாது.

சுருக்கமாக எழுதுங்கள், ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். யார், எந்த ஆண்டு, எங்கே படிக்கிறீர்கள் என்று ஒரு வரி. அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த ஒரு கேள்வி என்ன என்று மூன்று நான்கு வரி. உங்களால் என்ன செய்ய முடியும், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை வர முடியும். மதிப்பெண் பட்டியலை இணையுங்கள். ஒரே கடிதத்தைப் பெயர் மட்டும் மாற்றி இருபது பேருக்கு அனுப்பினால் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கப்புறமும் அமைதி என்றால் அடுத்தவருக்குப் போங்கள், மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதுகலை, பிஎச்.டி.: காசு யார் தருவது?

இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. உள்நாட்டில், பேராசிரியரிடம் எஃப்.ஆர்.ஜி.எஸ். போன்ற ஆய்வு நிதி இருந்தால் அதிலிருந்து ஆய்வு உதவியாளராக மாதத் தொகை வாங்கிக்கொண்டு முதுகலை செய்யலாம். நிதி எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். பதினெட்டு மாத நிதியை நம்பி மூன்று வருடப் படிப்பில் இறங்கியவர்கள் பாதியில் தவித்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். உபகாரச் சம்பளத்தோடு பிணைப்பு ஒப்பந்தம் இருந்தால் கையெழுத்துக்கு முன் முழுதாகப் படியுங்கள்.

சிங்கப்பூரின் சிங்கா உபகாரச் சம்பளம் நான்கு ஆண்டு வரை கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்கும். ஊருக்கும் பக்கம், தீபாவளிக்கு வந்துவிடலாம். ஜப்பானின் ஒக்கினாவாவில் இருக்கும் ஓயிஸ்ட் நிறுவனம் இளங்கலை முடித்தவர்களையே நேரடியாக ஐந்தாண்டு பிஎச்.டி.யில் சேர்க்கும். முழு ஆதரவு, பாடமொழி ஆங்கிலம். ஜப்பானிய அரசாங்கத்தின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்கு கோலாலம்பூர் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தோடு சேர்ந்த நரம்பறிவியல் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் முதுகலை இல்லாமலே பிஎச்.டி.யில் சேரலாம். கட்டணம் தள்ளுபடி, மாதத் தொகை உண்டு, முதல் ஆண்டில் இரண்டு மூன்று ஆய்வுக்கூடங்களில் வேலை செய்து பார்த்துப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கலாம். சொந்தக் காசில், கடன் வாங்கி, வெளிநாட்டில் பிஎச்.டி. செய்யலாமா என்று கேட்கிறவர்களிடம் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஓராண்டு ஆய்வு உதவியாளராக இருந்துவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். ஆறு வாரம் முன்பே கேளுங்கள். உங்களோடு ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தவர் எழுதும் கடிதம், உங்களை விரிவுரை மண்டபத்தில் மட்டும் பார்த்த பெரிய பேராசிரியர் எழுதுவதைவிட எடை கூடியது.

சூப்பர்வைசரைத் தேர்ந்தெடுப்பது

பல்கலைக்கழகத்தின் பேரைவிட இதுதான் முக்கியம். சேரும் முன் அங்கே இருக்கும் மாணவர்களை, சூப்பர்வைசர் இல்லாத நேரமாகப் பார்த்து, தே தாரிக் வாங்கிக்கொடுத்துப் பேசுங்கள். இதற்கு முன் படித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? பாதியில் போனவர்கள் ஏன் போனார்கள்? மாணவர் செய்த வேலைக்குக் கட்டுரையில் முதல் பெயர் மாணவருக்கு வருகிறதா? வாரம் ஒருமுறையாவது பார்க்க முடிகிறதா? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் மழுப்பினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போன பிறகு முதல் ஆண்டு பெரும்பாலும் தோல்வியில்தான் போகும். சாயம் ஒட்டாது, மின்முனை உடையும், நிரல் ஓடாது. எல்லாருக்கும் அப்படித்தான். செய்ததை எல்லாம் தேதி போட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள், கெட்டுப்போனதையும் சேர்த்து. ஐப்ரோ என்ற அனைத்துலக மூளை ஆய்வு அமைப்பு இளம் ஆய்வாளர்களுக்குக் குறுகிய காலப் பள்ளிகள் நடத்துகிறது, பயண உதவியும் தருகிறது. இரண்டாம் ஆண்டிலிருந்தே விண்ணப்பியுங்கள்.

பிஎச்.டி.க்குப் பிறகு

முடித்தவர்கள் எல்லாரும் பேராசிரியர் ஆவதில்லை. அதற்கான இடங்கள் எந்த நாட்டிலும் குறைவு. மருந்து நிறுவனங்கள், மருத்துவக் கருவி நிறுவனங்கள், மருத்துவமனைகளின் ஆய்வுப் பிரிவுகள், தரவு அலசும் வேலைகள் என்று பலரும் கிளை பிரிகிறார்கள். புள்ளியியலும் நிரலும் கைவசம் இருப்பவருக்கு அங்கே கதவு எளிதில் திறக்கும்.

ஆராய்ச்சியிலேயே நிற்பதென்றால், ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு ஓராண்டு முன்பே போஸ்ட்டாக் இடம் தேடத் தொடங்குங்கள். பிஎச்.டி.யில் செய்ததையே மறுபடி செய்யும் இடமாக இல்லாமல், புதிய கருவியோ முறையோ கற்றுக்கொள்ளும் இடமாகப் பாருங்கள். மீன் மூளையில் படித்தவர் மனித எம்.ஆர்.ஐ.க்குப் போகலாம், மின்னலையில் படித்தவர் வலி ஆய்வுக்குப் போகலாம். நாடு திரும்பி விரிவுரையாளர் ஆகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டில் இருக்கும்போதே இங்குள்ள ஒரு குழுவோடு சேர்ந்து ஒரு கட்டுரையாவது எழுதிவிடுங்கள். நேர்காணலில் முதலில் கேட்பது அதைத்தான்.